கண்டி வாசகரும் சுயசரித நூல்களும்

சென்ற ஆண்டு தவணை விடுமுறை தொடங்குவதற்கு இரண்டு நாட்களின் முன் உயர்தர வகுப்பு மாணாக்கர் ஒருவர் எம்மிடம் வந்து, "ஐயா, விடுமுறையில் படிப்பதற்கு ஒரு புத்தகம் சொல்லுங்கள், நாவல் வேண்டாம், உண்மையில் நடந்ததாக இருக்கவேண்டும்" என்று கேட்டார். இவ்வாறு கேட்பார் மிகச் சிலராதலின் எமக்கு உவகை மிகுந்தது. எவரும் சொல்லக்கூடிய விடையையே யாமும் சொன்னோம்: காந்தியடிகளின் சத்திய சோதனை. ஒரு வாரத்தில் நூலை முடித்துக்கொண்டு திரும்பி வந்தவர், "மிக நல்ல நூல், ஐயா. ஆனால் எங்கள் பக்கத்தைப் பற்றி ஒருவரும் இப்படி எழுதவில்லையா?" என்று வினவினார். அவருடைய வீடு புசல்லாவைக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் உள்ளது. அவ்வினாவுக்கு அன்று தக்க விடை கூற எம்மால் இயலவில்லை. காலந்தாழ்த்தேனும் அவ்விடையைக் கூற முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கண்டி நூல்வறுமை உடைய நகரமன்று. தலதா மாளிகையின் அருகே வாவிக் கரையில், அரசியர் நீராடுவதற்கென அமைந்த உல்பென்கே என்னும் கட்டடத்தின் மேல் ஆங்கிலேயர் ஒரு மாடி எழுப்பி அதனைத் தம் படையினருக்கும் அலுவலருக்கும் நூல்நிலையமாக்கினர் என்பது வரலாறு. இந்நாளில் டி. எஸ். சேனநாயக்க ஞாபகார்த்தப் பொது நூலகம் நகரத்தார்க்குப் பணி புரிகின்றது. நான்கு கல் தொலைவிலுள்ள பேராதனைப் பல்கலைக்கழக நூலகமோ இலங்கை பற்றிய நூல்களுக்குப் பெருங் களஞ்சியம். அங்கு நூலகராக விளங்கிய இயன் குணத்திலக்க அவர்கள் இலங்கை பற்றி வெளிவந்த நூல்கட்கெல்லாம் தொகுத்த விவரப்பட்டியலின் முதலிரு பாகங்கள் 1970இல் வெளிவந்தன. அதனைப் புரட்டிப் பார்ப்பவர், இச்சிறு தீவைப் பற்றி இத்துணை பேர் எழுதினரா என்று வியப்பர். 1958இல் இந்நகரில் தோன்றிய பௌத்த நூல் வெளியீட்டுச் சபையின் சிறு நூல்கள் உலகின் பல திசைகட்கும் சென்றுள்ளன. தமிழைப் பொறுத்தவரையிலும் அவ்வாறே. பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்களின் தமிழர் சால்பு 1954இல் கண்டித் தமிழ் மன்ற வெளியீடாகவே வந்தது என்பதை இன்றைய மாணாக்கர் அறிவரோ என்பது ஐயமே.

நூல்கள் உள, வாசகரும் உளர். ஆயின் இவ்விரு சாராரும் சந்திக்கும் இடந்தான் குறுகிவிட்டது. யாம் அறிந்த ஒரு நூலகத்திலே வாசிப்பு மண்டபம் நிறைந்திருக்கும். அமர்ந்திருப்போர் கைகளிலே இருப்பனவோ கடந்தகாலப் பரீட்சை வினாத்தாள்கள். இரவல் பகுதியில் நாவல்கள் ஓரளவு நடமாடுகின்றன. வாழ்க்கை வரலாற்றுத் தட்டில் மாத்திரம் தூசு படிந்துள்ளது. அத்தட்டில் உள்ளவை பெரும்பாலும் தலைவர்கள் பெயரால் எழுதப்பெற்ற புகழ்மாலைகளாக இருத்தலின் வாசகரையும் முற்றாகக் குறைகூறுவதற்கில்லை. பிறந்தார், கற்றார், தொண்டாற்றினார், மறைந்தார் என்று முடியும் நூலில் ஒரு மனிதனைக் காண்பது அரிது. சுயசரிதத்தை யாம் மதிப்பிடும் முறை எளிது: தன்னைப் பற்றி எழுதுவோன் தனக்குச் சங்கடம் தருவதொன்றையேனும் சொல்லியிருக்கிறானா? சொல்லியிருப்பின் ஏனையவற்றையும் நம்பிப் படிக்கலாம். இந்த அளவுகோலைக் கைக்கொண்டு, கண்டியைச் சூழ்ந்த மலைநாட்டைப் பற்றிய சில நூல்களை ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் நிற்பது றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர் எழுதி 1681இல் இலண்டனில் அச்சான இலங்கை வரலாறு. புயலால் பாய்மரம் முறிந்த கப்பல் கொட்டியாரக் குடாவில் ஒதுங்க, தந்தையுடன் கரையேறிய பத்தொன்பது வயது இளைஞர் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களால் 1660இல் பிடிக்கப்பட்டு, பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் கண்டி இராச்சியத்திலே சிறைப்பட்டிருந்தார். சிறை என்றால் இரும்புக் கம்பியன்று; ஊரைவிட்டு நாட்டெல்லைக்கு அப்பால் போகலாகாது என்பதே. தந்தை நோயுற்று இறந்தார். மகனே குழி தோண்டும்படியாயிற்று. பின்னர் தொப்பி பின்னி விற்றும், நெல்லை வட்டிக்குக் கொடுத்தும், இறுதியில் பேராதனைக்கு அண்மையில் உள்ள எலதெத்த என்னும் ஊரில் வீடு கட்டியும் வாழ்ந்தார். நூலின் முதல் மூன்று பகுதிகளும் நாட்டின் இயல்பையும் அரசனையும் மக்களின் ஒழுகலாற்றையும் கூறுவன. நான்காம் பகுதியே அவருடைய சொந்தக் கதை. வரலாற்று மாணாக்கர் முன்னைய பகுதிகளை நாடுவர். யாமோ நான்காம் பகுதியிலிருந்து தொடங்குமாறு கூறுவோம். பின்னையது மனத்தில் பதிந்த பின்னரே முன்னையவற்றை யார் கண்ணால் காண்கின்றோம் என்பது விளங்கும்.

நூலகத்திற்குச் செல்லும் இளைஞர் நொக்ஸின் நூலில் மறவாது படிக்கவேண்டிய இடம் ஒன்றுண்டு. கப்பலிலிருந்து அவர் வசம் வந்தவை இரண்டே நூல்கள்; இரண்டும் சமய நூல்கள். அவற்றைத் திரும்பத் திரும்பப் படித்து ஏறக்குறைய மனனம் செய்துவிட்டார். ஒருநாள் முதியவர் ஒருவர் எங்கிருந்தோ கிடைத்த ஆங்கில விவிலியப் பிரதி ஒன்றைக் கொண்டு வந்தார். கையிலுள்ளதனைத்தையும் கொடுத்தேனும் அதனைப் பெற்றுவிடவேண்டும் என்று நொக்ஸ் துடிக்கிறார். ஆவலை வெளிக்காட்டினால் விலை ஏறும் என்று உடனிருந்த வேலைக்காரப் பையன் தடுக்கிறான். முடிவில் தாம் பின்னிய தொப்பி ஒன்றுக்கு அந்நூல் கைமாறுகிறது. இலவசமாகக் கிடைக்கும் நூலைத் தூசு படிய விடும் எமக்கு இந்நிகழ்ச்சி சற்றே நாணம் தருவதாகும்.

எனினும் நொக்ஸைப் புகழ்ந்து நிறுத்திவிடுதல் திறனாய்வாகாது. 1679இல், பொருள் விற்போர்போல நடித்து, அநுராதபுரத்தைக் கடந்து ஆற்றோரமாகக் காட்டு வழியே நடந்து, அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்து விடுதலை பெற்றவர் அவர். அதன்பின் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பற் தலைவராகி, மடகாஸ்கர் தீவுக்கு அடிமைகளை வாங்கச் சென்றவரும் அவரே. இருபதாண்டு பிறன் ஆணைக்கு அடங்கிக் கிடந்த ஒருவருக்கு அத்தொழில் உறுத்தவில்லை. அச்சான நூலிலே இச்செய்தி இடம்பெறுவதற்கு வழியில்லை. அப்பயணங்கள் பின்னர் நிகழ்ந்தவை. ஆயினும் நூலை முடித்தபின் இதனையும் அறிந்துகொள்ளும் வாசகர், சுயசரிதம் என்பது ஒரு வாழ்க்கையின் முழுமையன்று, எழுதியவன் எழுத நின்ற இடத்திலிருந்து தெரிந்த காட்சியே என்பதை உணர்வர். நூலகர் ஒருவர் நூலைக் கையில் கொடுக்கும்போது கூறவேண்டிய சொல் இதுவே என்பது எம் கருத்து.

அடுத்து லெனாட் வூல்ஃப். இவரைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற விரும்புகின்றோம். 1904ஆம் ஆண்டின் இறுதியில் குடியேற்ற நாட்டுச் சிவில் சேவையாளராக இலங்கை வந்து, யாழ்ப்பாணத்திலும், 1907 ஓகஸ்ட் முதல் ஓராண்டு கண்டிக் கச்சேரியிலும், பின்னர் அம்பாந்தோட்டையிலும் கடமையாற்றி 1911இல் நாடு திரும்பியவர். அவ்வேழாண்டுகளையும் பற்றிய அவருடைய சுயசரிதத்தின் பாகம் 1961இல், அவர் எண்பதைத் தாண்டியிருந்தபோது வெளிவந்தது. 'வளர்தல்' என்பது அதன் பெயரின் பொருள். அதற்கு முந்திய ஆண்டிலே தாம் பணிபுரிந்த ஊர்களை மீண்டும் வந்து பார்த்துச் சென்றிருந்தார்.

கண்டி பற்றிய இயல் நீண்டதன்று. அதிலே அரசாங்க அதிபரின் அலுவலக உதவியாளராக அவர் கண்டவை வருகின்றன: கண்டியச் சட்டத்தின்படி விவாகம் குலைக்க வந்து நிற்கும் கணவன் மனைவியர், மூன்றாம் நெப்போலியனின் விதவையான பேரரசி யூஜினிக்குத் தந்ததாதுவைக் காட்டுவித்த நாள், கடமையின் பொருட்டுத் தூக்குத்தண்டனைகளை முன்னின்று பார்க்க நேர்ந்த காலைகள். இம்மூன்றாவதைப் படித்தபின் போகம்பரைச் சிறைச்சாலைச் சுவரைக் கடந்து செல்லும் எவரும் அதனை முன்போல் பார்த்தல் இயலாது. அச்சிறை இன்று கைதிகள் இன்றி நிற்கின்றது; ஆயின் அந்த ஏடுகள் வெறுமையாகவில்லை. எழுதுவோன் தன் நடுக்கத்தை மறைக்கவுமில்லை. அதனைப் பெரிதாக்கிக் காட்டவுமில்லை.

யாம் கூறிய அளவுகோலுக்கு நேரான சான்று யாழ்ப்பாண இயலில் உண்டு. குதிரைமீதிருந்தபடி சவுக்கால் எதையோ சுட்டிக்காட்டிய வூல்ஃப், வண்டியில் சென்ற தமிழ்ப் பெரியார் ஒருவரை முகத்தில் அடித்தார் என்று யாழ்ப்பாணத்துச் சங்கம் ஒன்று மேலிடத்துக்கு முறையிட்டது. தாம் அடிக்கவேயில்லை என்கிறார் வூல்ஃப். அதனோடு நிறுத்தியிருந்தால் அது சாதாரண அலுவலரின் மறுப்பாக முடிந்திருக்கும். அவரோ மேலும் சென்று, தம்முடைய நகர வீதியிலே அந்நியன் ஒருவன் குதிரைமேல் செருக்குடன் அமர்ந்திருந்ததே முகத்தில் அறைந்ததற்கு ஒப்பென அம்மக்கள் உணர்ந்ததில் தவறில்லை என்னும் முடிவுக்கு வருகின்றார். பொய்யான முறைப்பாட்டுக்குள் இருந்த மெய்யை ஐம்பதாண்டின் பின் ஏற்றுக்கொள்ளும் இவ்விடத்திலேதான் நூலின் பெயர் பொருள் பெறுகின்றது. அதிகாரத்தில் இருந்தோர் எழுதிய நினைவுகள் எத்தனையோ படித்திருக்கின்றோம். இத்தகைய ஓர் ஒப்புதல் அவற்றில் அரிது.

ஆயினும் புசல்லாவை மாணாக்கரின் வினா வூல்ஃபிடமும் விடை பெறவில்லை. கண்டி இயலைப் படித்து முடித்தபின் எம் நினைவில் நிற்பவை கச்சேரி வாயிலில் காத்திருந்த சிங்களக் கிராமத்தாரின் முகங்கள். கழகங்களிலே பந்தாடிய வெள்ளையரின் முகங்கள். அவ்வாண்டுகளில் அதே மாகாணத்தின் மலைச்சரிவுகளெங்கும் வாழ்ந்த தோட்டத் தமிழர் முகம் ஒன்றும் அவ்வாறு நிற்கவில்லை. நொக்ஸ் கைதி, வூல்ஃப் அலுவலர். இருவரும் எழுதப் படிக்க அறிந்தோர். ஊர் திரும்பிச் சென்றபின் அச்சிடுவோரைக் கண்டோர். திரும்பிச் செல்ல ஊரும் இன்றி, எழுத்தும் இன்றி, இம்மலைகளிலேயே மண்ணானவர்களின் சுயசரிதத்தை எங்கே தேடுவது?

இங்கே சிறிது வழி விலகி, தமிழில் சுயசரிதம் எத்தகைய உயரத்தை எட்டியுள்ளது என்பதை நினைத்துக்கொள்ளுதல் நலம். டாக்டர் உ. வே. சாமிநாதையரின் என் சரித்திரம் 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்தது; 1942இல் ஆசிரியர் மறையவே முற்றுப்பெறாது நின்று, 1950இல் நூலுருப் பெற்றது. தமிழ் கற்பிக்கும் எவரும் இதனைப் பரிந்துரைப்பர். யாம் பரிந்துரைக்கும் காரணம் சற்று வேறு. 1880ஆம் ஆண்டிலே கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் செல்லும் இளம் ஆசிரியர், தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் புராணங்களையும் அடுக்கிக்கொண்டே போக, முதலியார் எதற்கும் அசையாது, சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கிறார். தம் கல்வி முழுவதும் ஒரு கேள்வியால் சிறுத்துப்போன நாளை, உலகமே மகாமகோபாத்தியாயர் என்று போற்றும் முதுமையில், கூச்சமின்றி எழுதி வைக்கின்றார் ஐயர். இதுவும் அதே அளவுகோலே. ஈழத்து மாணாக்கர் இந்நூலைப் படிக்கும்போது சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை வரும் பகுதிகளை நின்று படிக்கவேண்டும். சிந்தாமணிச் சுவடியைத் தம்மிடம் தருமாறு பிள்ளையவர்கள் கேட்டதும், ஐயர் தயங்கியதும் ஐயரின் பக்கத்திலிருந்தே நமக்குத் தெரியவருகின்றன. பிள்ளையவர்கள் சுயசரிதம் எழுதவில்லை. அவருடைய நியாயத்தை அறிய அவர் பதிப்புகளுக்கு எழுதிய பதிப்புரைகளை நாடவேண்டியுள்ளது. எழுதாதவனின் பக்கம் எப்போதும் மெலிந்தே காணப்படும்.

மலைநாட்டுத் தமிழரின் நிலையும் அதுவேயாம். 1820களில் கம்பளையை அடுத்த சிங்ஹபிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் தொடங்கியது முதல், 1867இல் ஹேவாஹெட்டையிலுள்ள லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலை பயிரிட்டது வரையும், அதற்குப் பின்னரும், துரைமார் எழுதிய குறிப்புகள் நிரம்ப உண்டு. மன்னாரிலிருந்து மாத்தளை நோக்கி நடந்தே வந்து வழியில் வாந்திபேதிக்கும் பசிக்கும் இரையானோர் எழுதிய குறிப்பு ஒன்றேனும் எம் கண்ணிற்பட்டதில்லை. அவர்கள் பாடினார்கள். கண்டிச் சீமை என்னும் பெயர் இன்றும் செவிகளில் ஒலிப்பது அப்பாடல்களாலேயே. தப்பிப் பிழைத்த பாடலை வரலாறாக மாற்றுவதற்குப் பிற்காலத்தார் பலர் உழைத்துள்ளனர். டொனவன் மோல்ட்றிச் கோப்பிக் காலக் கூலிகள் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூல், இரா. சடகோபனின் கண்டிச் சீமையிலே, மு. நித்தியானந்தனின் கூலித் தமிழ் ஆகியன அத்தகையவை. இறுதியிற் கூறியது 2014இல் வெளிவந்தது. ஆபிரகாம் ஜோசப் 1869இல் இயற்றிய கோப்பிக் கிருஷிக் கும்மி போன்ற மறந்துபோன ஏடுகளை எடுத்து, அவற்றில் துரைமார் பக்கம் நின்று பேசிய தமிழ் எது, தொழிலாளர் பக்கம் நின்ற தமிழ் எது என்று பிரித்துக் காட்டுவது. ஆராய்ச்சி நூலாயினும் படிப்பவரைப் பிடித்து நிறுத்தும் நடை.

ஆயின் இவை சுயசரிதங்கள் அல்ல. அதற்கு மிக அண்மையில் வருபவர் சி. வி. வேலுப்பிள்ளை ஒருவரே. 1914இல் பூண்டுலோயாவை அடுத்த மடக்கொம்பரைத் தோட்டத்தில் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் புகுந்து, அடுத்த ஆண்டே பிரசாவுரிமைச் சட்டத்தால் தம் மக்கள் நாடற்றோராவதைச் சபையிலிருந்தபடியே கண்டவர். ஆங்கிலத்தில் அவர் எழுதி 1970இல் வெளியான நூல் உழைக்கப் பிறந்தோர் என்று பொருள்படும் பெயர் உடையது. தோட்டத்து மனிதர்களைத் தனித்தனியாக நிறுத்தி எழுதிய சொற்சித்திரங்கள் அவை. தமிழில் அவருடைய நாடற்றவர் கதை, 1984இல் அவர் மறைந்தபின் நூலாக வந்தது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் எனப் பங்கிடப்பட்டதை நாம் வரலாற்றுப் பாடத்திலே எண்களாகப் படிக்கின்றோம். அந்த எண்களுக்குள் லயத்தின் வாசற்படியும், கங்காணியின் குரலும், பெட்டி கட்டி நிற்கும் குடும்பமும் இருந்தன என்பதை சி. வி.யே காட்டுகின்றார்.

குறையும் உண்டு. தம்மைப் பற்றி அவர் பேசுவது மிகக் குறைவு. கங்காணி மரபில் வந்த ஒருவர் தொழிலாளர் பக்கம் சென்றதன் உள்ளப் போராட்டம் எவ்வாறிருந்தது, சபையில் அன்று என்ன நினைத்தார் என்பனவற்றை வாசகர் கேட்கின்றார்; நூல் விடைதரவில்லை. அடக்கம் நற்குணமே. ஆயின் சுயசரிதத்தில் அடக்கம் ஓர் இழப்பு. வூல்ஃப் தம்மைப் பற்றி ஐந்து பாகங்கள் எழுதினார், சி. வி. ஒன்றும் எழுதவில்லை. வேற்றுமை குணத்தினால் மட்டும் வந்ததன்று என்று எண்ணுகின்றோம். தன் மக்களுக்கு வாக்கே இல்லாதபோது தன்னைப் பற்றி எழுதுவது தகாது என்று அவர் கருதியிருத்தல் கூடும்.

கோ. நடேசய்யர் பற்றியும் இவ்வாறே கூறவேண்டும். தஞ்சையிலிருந்து வந்து, தேசபக்தன் பத்திரிகையை நடத்தி, 1931இல் ஹற்றனில் தோட்டத் தொழிலாளர்க்கெனச் சங்கம் கண்டவர், எழுதிக் குவித்தவர். அவருடைய மனைவியார் மீனாட்சியம்மையார் மக்கள் கூடுமிடங்களில் பாட்டுப் பாடியே கருத்துப் பரப்பினார். இருவரும் தம் கதையைத் தாமே எழுதிவைக்கவில்லை. 1988இல் வெளிவந்த சாரல்நாடனின் தேசபக்தன் கோ. நடேசய்யர் என்னும் நூல் இல்லையேல் அவர் பெயர் இன்று அறிஞர் சிலரோடு நின்றிருக்கும். பழைய பத்திரிகைத் தாள்களைத் தேடித் திரிந்து எழுதிய நூல் அது. அவ்வுழைப்பு ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகின்றது. சில இடங்களில் போற்றுதல் மிகுந்து மனிதர் மறைந்துபோவதும் தெரிகின்றது. எனினும் மலைநாட்டு வாசகர் முதலில் எடுக்கவேண்டிய நூல் எது என்று கேட்டால் இதனையே சொல்வோம்.

ஆனந்த குமாரசுவாமியின் மத்தியகாலச் சிங்களக் கலை பற்றியும் ஒரு சொல். 1908இல் 425 பிரதிகளே அச்சான இந்நூல், கண்டிச் சிற்றூர்களின் கொல்லரையும் தச்சரையும் ஓவியரையும் தேடிச் சென்று ஒரு தமிழர் எழுதியது. இது சுயசரிதமன்று, ஆயினும் பிறர் கைத்தொழிலைக் கூர்ந்து பார்த்து எழுதுவது எப்படி என்பதற்கு இதனினும் சிறந்த பாடம் எமக்குத் தெரியாது. மறுபதிப்புகள் உள, படங்களுக்காகவேனும் ஒருமுறை புரட்டுக.

எழுதப்படாதவை ஒருபுறமிருக்க, எழுதியனவும் நிலைப்பதில்லை. 1981 மே 31ஆம் நாள் இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. அவற்றுள் வேறெங்கும் பிரதியில்லாதனவும் இருந்தன. இந்நாளில் நூலகம் என்னும் இணையத் தளம் ஈழத்து நூல்களையும் மலர்களையும் படமெடுத்து வைத்து வருவது பேருதவி. மேலே கூறிய தமிழ் நூல்கள் தட்டிற் கிடையாதவிடத்து அங்கே தேடிப் பார்க்கலாம்.

எம் பாட்டனார் ஒரு தோட்டத்திலே கணக்கப்பிள்ளையாக இருந்தவர். நாற்பதாண்டு எழுதியவர். அவர் விட்டுச் சென்ற எழுத்தாக எம்மிடம் இருப்பது ஒரு சிறு குறிப்புப் புத்தகம். அதில் பெயர்கள் உள. பெயர்களுக்கு எதிரே கொழுந்தின் இறாத்தல் கணக்கு உண்டு. ஓரிடத்தில் மாத்திரம், கணக்குக்குத் தொடர்பின்றி, "இன்று மழை, ஒருவரும் வேலைக்குப் போகவில்லை" என்று எழுதியிருக்கிறார். அந்நாளில் அவர் என்ன செய்தார், யாரோடு பேசினார் என்று கேட்க இப்போது ஒருவருமில்லை. தொண்ணூறை நெருங்கும் முதியோர் இன்னும் சிலர் கம்பளையிலும் நாவலப்பிட்டியிலும் தெல்தோட்டையிலும் உளர். கப்பலேறிய உறவினரை வழியனுப்பத் தலைமன்னார்வரை புகைவண்டியில் சென்றவர்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டு, சொன்னபடியே எழுதி, திருத்தாது தருவார்க்கு இம்மலரின் அடுத்த இதழ்களிலே சில பக்கங்கள் ஒதுக்குமாறு பத்திராதிபரைக் கேட்டிருக்கின்றோம். இணங்கியுள்ளார்.

புசல்லாவை மாணாக்கருக்கு இம்முறை நாடற்றவர் கதையையும் வூல்ஃபின் நூலையும் சேர்த்தே கொடுத்தோம். முன்னதைத் திருப்பித் தந்துவிட்டார். பின்னதற்கு ஆங்கிலம் சற்றுக் கடினமாயிருப்பதாகச் சொல்லி, போகம்பரை பற்றிய பக்கங்களை அகராதியுடன் இரண்டாம் முறை படித்துக்கொண்டிருப்பதாகத் தெரிவித்தார். திருப்பித்தரவேண்டிய நாள் கடந்து மூன்று வாரமாகின்றது. தண்டப்பணத்தை யாமே கட்டுவதாக ஒப்புக்கொண்டுள்ளோம்.